இர்விங் அஞ்ஞானிகளின் மாதக் கூட்டம்

பாளையங்கோட்டைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நான், டெக்சாஸ் மாநிலத்து இர்விங்குக்கு வந்த ஒன்பதாம் நாள், 'ஏர்போர்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ரயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு வீடு வருமென்று காத்திருந்தேன்.

வந்த காரியம் மகள் ஷீபாவின் பிரசவம். தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நூலகத்துக்குத் தனியாகப் போய்வருவேன் என்று நான்தான் வீரம் பேசினேன். மருமகன் ஜெபசிங் எஞ்சினியர். போகும்போது எந்தப் பக்கத்து ரயில், வரும்போது எந்தப் பக்கத்து ரயில் என்று அம்புக்குறி போட்டு ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தார். திரும்பும்போது அதை நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் பெட்டிகளோடு இறங்கினார்கள். நான் இரண்டு நூலகப் புத்தகங்களோடு இறங்கினேன். பெஞ்சில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் நீளமான ஒரு விளக்குமாறு. ரயில் நிலையத்தைப் பெருக்குகிறவர் என்று நினைத்து, அவருக்கு வழி தெரிந்திருக்கும் என்று படத்தை நீட்டினேன். அவர் அதைத் திருப்பி நேராகப் பிடித்து, அடியில் இருந்த வீட்டு முகவரியைப் படித்தார்.

"இது என் கட்டடம். காலை ஐந்தரைக்கு மிக்ஸி ஓட்டுவது நீங்கள்தானா?"

அவர் பெயர் கேரல், எங்களுக்கு நேர் கீழ் வீடு. ஊரைவிட்டுப் போகும் தோழியை வழியனுப்ப வந்திருக்கிறார். தோழி அந்த விளக்குமாற்றைக் கையோடு கொண்டுபோக ஆசைப்பட்டாளாம். சோதனை செய்யுமிடத்தில் விடவில்லையாம். "விளக்குமாற்றோடு பறக்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நானும் சிரிக்கவில்லை. நான்கு வாரம் கழித்து, கடைகளில் விளக்குமாற்றில் பறக்கும் சூனியக்காரி பொம்மைகளைப் பார்த்தபோதுதான் அது சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் கேரல் மாடியேறி வந்து, பொழுதுபோகாவிட்டால் படியுங்கள் என்று இரண்டு தாள்களைப் பின் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவரே தயாரிக்கும் மாத மடல். யாருக்கு மூட்டு அறுவை சிகிச்சை, யாரை டாக்டரிடம் காரில் கூட்டிப்போக ஆள் வேண்டும், யார் வீட்டில் துளசி நாற்று மிச்சம், யாருடைய பூனையைக் காணவில்லை, மாதக் கூட்டத்துக்கு யார் என்ன சமைத்து வருவது. எங்கள் ஊர் சபை மடலுக்கும் இதற்கும் வித்தியாசம் பூனை மட்டும்தான். சர்ச் மடல் என்றே நினைத்துப் படித்தேன். கை சும்மா இருக்காது. சிவப்புப் பேனாவை எடுத்துப் பதினேழு பிழை திருத்தினேன். பலிபீடத்துக்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து பிசகி, மூன்று இடத்தில் 'மாற்று' என்று அர்த்தம் வந்திருந்தது.

திருத்திய தாளைப் பார்த்து கேரல் சந்தோஷப்பட்டார். "இருபது வருடமாகப் போடுகிறேன். ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லை. அடுத்த மாதமும் பார்த்துத் தருவீர்களா?"

எந்தச் சபை என்று அப்போதுதான் கேட்டேன். "பேகன். இயற்கையைக் கும்பிடுகிறவர்கள்" என்றார்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் இதற்கு அஞ்ஞானி என்று ஒரு பழைய சொல் உண்டு. ஓய்வுநாள் பள்ளியில் எட்டு வயதிலிருந்து அஞ்ஞானிகளுக்காக ஜெபித்தவள் நான். ஆனால் ஒருவரையும் நேரில் பார்த்ததாக நினைவில்லை. எங்கள் தெருவில் இருந்த இந்துக்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. கடைசியில் டெக்சாஸில்தான் முதல் அஞ்ஞானியைச் சந்தித்தேன். அவருடைய அப்பா பாப்டிஸ்ட் போதகர்.

பேரன் பிறந்தான். மூன்று வாரம் பத்தியச் சமையலிலும் டயப்பரிலும் போனது. பூண்டுக் குழம்பு வாசனை கீழ் வீட்டுக்கும் போயிருக்க வேண்டும். ஒருநாள் கேரல் வந்து, அது வைத்தியமா சாப்பாடா என்று கேட்டு, கையோடு ஒரு கிண்ணம் வாங்கிப் போனார். அக்டோபர் மடலைத் திருத்தக் கொடுத்தபோது கூட்டத்துக்கும் அழைத்தார். அந்த மாதத்துக் கூட்டம் அவர்களுக்கு வருடத்திலேயே பெரியதாம். அதன் பெயரை 'சம்ஹைன்' என்று எழுதியிருந்தார். நான் அப்படியே படித்தேன். "அப்படி இல்லை, சாவின்" என்று திருத்தினார்.

"சாவின் என்ன?" என்று தமிழில் கேட்டுவிட்டேன்.

இறந்தவர்களை நினைக்கிற நாள் என்றார். உச்சரிப்பு எனக்கு அதன்பின் மறக்கவில்லை.

ஷீபாவிடம், கீழ் வீட்டு அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, ஒரு பாத்திரம் எலுமிச்சை சாதத்தோடு போனேன். கூட்டம் எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில். மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் தமிழ் ஐக்கிய ஜெபக்கூட்டம் நடக்கிற அதே இடம். அதே மடக்கு நாற்காலிகள், அதே மங்கிய காபி இயந்திரம். கடைசி சனிக்கிழமை அவர்களுடையது.

பதினான்கு பேர். ரிக் என்ற லாரி ஓட்டுநருக்கு நெஞ்சுவரை தாடி, தலையில் மான் கொம்பு. கொம்பு மாட்டிக்கொள்ளும் என்று முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினார். சக்கர நாற்காலியில் ஒரு பெண். நான்கு பேர் நான்கு திசைக்குப் போய் நின்று, ஒவ்வொரு திசையையும் வரவேற்றார்கள். நெருப்புக்குத் தடை என்பதால் பேட்டரி விளக்குகள். கிழக்கு விளக்கு எரியவில்லை. ரிக் அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார், எரிந்தது. பாட்டுப் பாடினார்கள். எங்கள் கூட்டத்தைவிட மோசமாகப் பாடுகிற ஒரு கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு சாப்பாடு. எங்கள் ஊர் சபை விருந்தான அசனத்தில் ஆட்டுக்கறி வாளியோடு ஓடிவருபவர்களின் சத்தத்தில் காது அடைக்கும். இங்கே ஒருவரும் பேசாமல் சாப்பிட வேண்டும். இறந்தவர்களுக்கென்று ஒரு தட்டு தனியாக வைத்து, எல்லாவற்றிலும் ஒரு கரண்டி பரிமாறினார்கள். என் எலுமிச்சை சாதமும் அதில் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் போனவர்களின் பெயரைச் சொன்னார்கள். பெயர் மட்டும். சொன்ன பெயரை மற்றவர்கள் எல்லோரும் ஒருமுறை திருப்பிச் சொல்வார்கள், அவ்வளவுதான். கேரல் தன் மகன் பெயரைச் சொன்னார். அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

என் முறை வந்தது.

என் கணவரும் நானும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். கல்யாணத்துக்கு முன் அவரை 'சார்' என்று கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பின்னும் முப்பத்து நான்கு வருடம் அதேதான். புருஷன் பெயரைச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இறப்புச் சான்றிதழிலிருந்து பாஸ்போர்ட் வரை பெயரை எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை. அடக்க ஆராதனையிலும் சொன்னவர் போதகர் ஐயர்தான்.

"செல்வராஜ்" என்றேன்.

பதினான்கு டெக்சாஸ்காரர்கள் சேர்ந்து, "செல்வா ராட்ஜ்" என்றார்கள். சாருக்கு உச்சரிப்பு விஷயத்தில் பொறுமை கிடையாது. அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிக் கொம்போடு எழுந்து வந்து டிஷ்யூ பெட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். முடிந்ததும் எல்லோருமாக நாற்காலிகளை மடக்கித் தரையைத் துடைத்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாமுவேல் அங்கிள் வந்தார். சென்னைக்காரர், எங்கள் ஐக்கியத்தின் தலைவர். ஜெபசிங் செயலாளர். போன கூட்டத்தில் மறந்து வைத்த கீபோர்டு ஸ்டாண்டை எடுக்க முந்தின நாள் கிளப் ஹவுஸ் வந்திருக்கிறார். கண்ணாடிக் கதவு வழியாக ஒரு மான் கொம்பையும், பக்கத்தில் என்னையும் பார்த்திருக்கிறார். கையில் டைப் செய்த ஒரு தாள் வைத்திருந்தார்.

"அத்தை, நீங்க அங்க இருந்தியளா?" என்றார் ஜெபசிங்.

"இருந்தேன்."

"என்ன பண்ணுனாங்க?"

"சாப்பிட்டாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"சேர் எடுத்துப் போட்டாங்க."

அங்கிள் குறுக்கே வந்தார். "சிஸ்டர், நெருப்பு வச்சு, சேவல் பலியெல்லாம் குடுக்கறாங்களாமே? நம்ம பசங்க விளையாடற எடம் அது."

"கோழி இருந்திச்சு. குழம்புல கெடந்துச்சு."

"நீங்க ஐ-விட்னஸ். இந்தக் கம்ப்ளெய்ன்ட்ல நீங்க ஒரு சைன் பண்ணிட்டா போதும், அபார்ட்மென்ட் மேனேஜர் அவங்க புக்கிங்க உடனே கேன்சல் பண்ணிடுவாங்க."

தாளைப் படித்தேன். பழக்கதோஷத்தில் பேனாவையும் திறந்தேன். "ஸ்பெல்லிங் மிஸ்டேக் மூணு இருக்கு. பொய்யி நாலு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன். அங்கிள் ஜெபசிங்கைப் பார்த்தார். ஜெபசிங் என்னைப் பார்த்தார்.

"அவங்க பண்ணுனது இருக்கட்டும். நீங்க என்ன பண்ணுனிய?"

"மாமா பேரச் சொன்னேன்."

ஜெபசிங் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டார்.

"செத்தவங்களக் கூப்பிடலாமா அத்தை? டீச்சரா இருந்தவங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

"கூப்பிடல. சொன்னேன்."

அன்றிலிருந்து ஜெபசிங் என்னோடு பேசுவதை நிறுத்தினார். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எல்லாம் ஷீபா வழியாக வரும். 'அத்தையச் சாப்பிடச் சொல்லு', 'அத்தைக்கு மாத்திரை இருக்கான்னு கேளு.' நான் ஒரு எட்டு தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பேன்.

"ஏம்மா, ஒனக்கு இது தேவையா? நா அவர்கூட இருக்கணும்லா" என்றாள் ஷீபா. அவளுக்குத் தையல் இன்னும் ஆறவில்லை. அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அழுதாள். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். பிள்ளைக்கு வெந்நீர் வைக்க ஆளில்லை என்பதால் யோசனையை நிறுத்தினேன்.

என் கையெழுத்து இல்லாமலேயே புகார் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் இரு தரப்பையும் கூப்பிட்டிருந்தார். கேரல் என்னிடம் உதவி கேட்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். இருபது வருட மடல்களை ஒரு ஃபைலில் அடுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெயிலில் பார்க்கிங்கைக் கடந்து தனியாகப் போய்க்கொண்டிருந்தார். குழந்தையை ஷீபாவிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். அவள் தடுக்கவில்லை.

மேனேஜர் முப்பது வயதுப் பெண். மேசையில் ஒரு பூசணிக்காய், பக்கத்தில் விதிமுறைப் புத்தகம். சாமுவேல் அங்கிளும், ஆபீசில் அனுமதி வாங்கி வந்திருந்த ஜெபசிங்கும் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நான் மறுபக்க நாற்காலியில் உட்கார்ந்தபோது மருமகன் பூசணிக்காயைப் பார்த்தார்.

நெருப்பு உண்டா என்று மேனேஜர் கேட்டார். பேட்டரி என்றேன். மிருகம்? "ஒருவர் தலையில் கொம்பு இருந்தது. அவர் லாரி ஓட்டுகிறார்." குழந்தைகளுக்கு ஆபத்து? இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லி முடித்திருக்கலாம். வகுப்பில் நின்று பேசிய பழக்கம், முடியவில்லை.

"நான் எங்கள் ஜெபக்கூட்டத்திலும் இருந்திருக்கிறேன், இவர்கள் கூட்டத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டிலும் பாடுகிறார்கள், வேண்டிக்கொள்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். இவர்கள் போகும்போது தரையைத் துடைக்கிறார்கள். நாங்கள் துடைப்பதில்லை."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த ஜெபக்கூட்டம்?"

முன்பதிவுப் பட்டியலைத் திருப்பினார். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை: ஜெபசிங், பிறந்தநாள் விழா. கடைசி சனிக்கிழமை: கேரல், தோட்டச் சங்கம். பிறகு விதிமுறைப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை நிதானமாகப் படித்துக் காட்டினார். கிளப் ஹவுஸில் எந்த மதக் கூட்டத்துக்கும் அனுமதி இல்லை.

இரண்டையும் ரத்து செய்ய அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது நால்வரும் ஒரே நடைபாதையில்தான் வர வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லி இரண்டு சபைகளை ஒரே நாளில் தெருவில் நிறுத்தியவள் என்ற முறையில் நான் கடைசியாக நடந்தேன். படிக்கட்டு அருகில் கேரல் நின்றார்.

"தோட்டச் சங்கம் என்பது முழுப் பொய் இல்லை. துளசி நாற்று கொடுக்கிறோம்" என்றார்.

மன்னியுங்கள் என்றேன். "நீங்கள் வந்தீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

நவம்பர் முதல் சனிக்கிழமை ஐக்கியக் கூட்டம் எங்கள் ஹாலில் நடந்தது. இருபத்தாறு பேர், ஒரு கீபோர்டு, படிக்கட்டு முழுக்கச் செருப்பு. கீழ் வீட்டுக் கூரை எங்கள் தரை. கேரல் சத்தம் என்று புகார் கொடுத்திருந்தால் அபார்ட்மென்ட்காரர்கள் வாங்கிக்கொண்டிருப்பார்கள். கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின், சொல்லாமலேயே ஜெபசிங் ஹாலையும் படிக்கட்டையும் துடைத்ததைப் பார்த்தேன். என்னிடம் பேச்சு மட்டும் இல்லை.

கேரலின் கூட்டம் பூங்காவுக்கு மாறியது. அந்த மாதக் கடைசி சனிக்கிழமை மதியம், நானும் கூடப் போவதாக ஏறி உட்கார்ந்தபோது, அவருடைய கார் கிளம்பவில்லை. பின் சீட்டில் விளக்குகள், பழச்சாறு, ஒரு கேக். முன் சீட்டில் நாங்கள் இருவரும் சாவி திருகும் சத்தத்தைக் கேட்டபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேலே பால்கனியில் ஷீபாவின் குரல் கேட்டது. யாரிடம் பேசுகிறாள் என்று தெரிந்தது.

"ரெண்டு வயசானவங்க. ஒண்ணு எங்கம்மா. நீங்க போறியளா, இல்ல நா பிள்ளையத் தூக்கிட்டு ஓட்டட்டா?"

ஜெபசிங் இறங்கி வந்தார். பொருள்களை ஒவ்வொன்றாகத் தன் காருக்கு மாற்றினார். கேக்குக்கு சீட் பெல்ட் போட்டார். வழியில் கேரலிடம், "நான் காரிலேயே இருப்பேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் பேசினார். கேரல் சரி என்றார்.

வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குவதை இந்த ஊரில் கண்ணால் பார்க்கலாம். மதியம் வரை வியர்க்கும். வானத்தில் நீலமாக ஒரு கோடு தெரியும். பத்து நிமிடத்தில் பல் கிட்டிப்போகும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கோடு தெரிந்தது. ரிக் நாலு கால் உள்ள ஒரு துணிப் பந்தலை விரித்து நிறுத்தியிருந்தார். சக்கர நாற்காலிப் பெண்ணை அதன் நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். குளிருக்குப் பயந்து பாதிப் பேர் வரவில்லை.

பாட்டு ஆரம்பித்ததும் காற்று வந்தது. பந்தலின் வடக்குப் பக்கம் இரண்டு கால்களும் தரையைவிட்டு எழும்பின. ரிக் தெற்குக் கால்களைப் பிடித்துக்கொண்டார். வடக்குக் கால்கள் சக்கர நாற்காலியின் பக்கம் சாய்ந்தன. கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. ஜெபசிங் புல்வெளியில் ஓடிவந்து, குறுக்குக் கம்பியைத் தாவிப் பிடித்துத் தொங்கினார். பந்தல் இறங்கியது.

விட்டால் மறுபடி எழும்பும். பிடித்துக்கொண்டே நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

கூட்டம் தொடர்ந்தது. கேரல் ஒரு கோப்பையை ஏந்திக் கிழக்கே நின்றவருக்கு வணங்கிக் குடிக்கக் கொடுத்தார். பிறகு தெற்கே ரிக்குக்கு. மேற்கே இன்னொருவருக்கு. வடக்கே நிற்க வேண்டியவர் அன்று வரவில்லை. அந்த இடத்தில் எங்கள் ஐக்கியத்தின் செயலாளர், தலைக்கு மேல் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேரல் அவர் முன்னால் போய்த் தலை தாழ்த்தினார். வடக்கின் பலத்துக்கு நன்றி என்றார். கோப்பையை அவர் வாயருகே நீட்டினார்.

ஜெபசிங் என்னைப் பார்த்தார்.

"ஆப்பிள் ஜூஸ்தான், மாப்ள" என்றேன்.

குடித்தார். பிறகு, கூட்டத்தில் யார் எதைக் கொடுத்தாலும் வாயில் தானாக வருகிற வார்த்தையைச் சொன்னார்: "ஸ்தோத்திரம்." எல்லோரும் அதைச் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். சரியாக வரவில்லை.

காற்று முக்கால் மணி நேரம் அடித்தது. கடைசியில் ரிக் வந்து அவர் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, தன் கம்பளிக் கையுறையை மாட்டிவிட்டார். சக்கர நாற்காலிப் பெண் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவருக்குக் கொடுத்தார். ஜெபசிங் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டார். அதுவரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் கேரல் பின் சீட்டில் தூங்கிவிட்டார். நான் முன் சீட்டில். இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவதில் சிவப்பு விழுந்தது.

"அத்தை."

நாலு வாரத்துக்குப் பிறகு நேராக என்னிடம் வந்த முதல் வார்த்தை.

"சொல்லுங்க மாப்ள."

"அந்தப் பந்தல் அப்படியெல்லாம் நிக்காது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு பக்கெட் வச்சு, உள்ள கான்கிரீட் போட்டு இறுக்கணும்."

"ரிக்ட்ட சொல்லுதேன்."

"சொல்ல வேண்டாம்" என்றார். பச்சை விழுந்தது.

மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும் கடைக்குப் போய், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பக்கெட்டுகளும் இரண்டு மூட்டை கான்கிரீட் கலவையும் வாங்கி வந்தார். பார்க்கிங்கில் நின்று கலந்து ஊற்றத் தொடங்கினார். நான் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பால்கனியிலிருந்து எண்ணினேன்.

"எதுக்கு மாப்ள எட்டு?"

"ஹால்ல எடம் பத்தல. அடுத்த மாசம் நாமளும் பார்க்லதான கூடணும்" என்றார், நிமிராமல். "நாலு நமக்கு, நாலு அவங்களுக்கு."